குடல் அழற்சிக்கு மூலிகை எடுக்க நினைக்கும் வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு

மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து போகிறது, ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை ஓட வேண்டியிருக்கிறது, ராத்திரித் தூக்கத்திலிருந்தும் எழுப்பிவிடுகிறது, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. கொலனோஸ்கோபி பார்த்துவிட்டு ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என்றோ ‘க்ரோன்ஸ்’ என்றோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சிஎம்சி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி எதிரே டீக்கடையில் உட்கார்வதற்குள், “மாதுளை ஓட்டைப் பொடி பண்ணி மோரில் குடிங்க, ஒரே வாரத்தில் நின்னுடும்” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். ஊருக்குப் போனால் பெரியம்மா கற்றாழை என்பார், பக்கத்து வீட்டுக்காரர் ஜவ்வாது மலையில் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்பார், போனைத் திறந்தால் இன்னும் நூறு பேர்.

என் அக்காவுக்குப் பல வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். எங்கள் வீட்டு அலமாரியில் மெசலமைன் (குடல் அழற்சியை அடக்கும் மாத்திரை) அட்டையும் இசப்கோல் டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நான் டாக்டர் இல்லை. அவளுக்காகத் தேடிப் படித்து, கேட்டு, பார்த்துத் தெரிந்துகொண்டதை, இந்த நோய்க்குள் புதிதாக வந்து நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சில மூலிகைகள் மருந்தோடு சேர்ந்து உதவுகின்றன, அதற்கு ஆய்வுகள் இருக்கின்றன; மருந்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் வைக்கிற அளவுக்கு எந்த மூலிகைக்கும் சான்று கிடையாது.

படி 1: நோயின் பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இது அலட்சியப்படுத்துகிற படி இல்லை, ஏனென்றால் பாதிப் பேர் இங்கேயே தடம் மாறிவிடுகிறார்கள். ரத்தம் போனாலே ‘மூலம்’ என்று முடிவு கட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்று ஒட்டியிருக்கிறதே, அந்த மாதிரி இடத்துக்குப் போய் மாதக்கணக்கில் பணமும் ரத்தமும் இழந்தபிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நிறைய. க்ரோன்ஸ் நோயில் ஆசனவாய்ப் பக்கம் பௌத்திரம் வருவது சகஜம். உள்ளே குடலில் அழற்சி இருக்கும்போது வெளியே நூல் கட்டியோ மருந்து வைத்தோ அதை ஆற்றிவிட முடியாது.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலில் மட்டும் வரும், மலக்குடலில் ஆரம்பித்து மேலே ஏறும், உள்பூச்சில் புண். க்ரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரைக்கும் எங்கேயும் வரலாம், குடல் சுவரின் முழுத் தடிமனையும் பிடிக்கும், குடல் சுருங்கி அடைபடவும் செய்யும். இந்த வித்தியாசம் மூலிகைக்கும் பொருந்தும். கீழே நான் சொல்லப்போகிற ஆய்வுகளில் பெரும்பாலானவை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளிடம் நடந்தவை. க்ரோன்ஸுக்கு அதை அப்படியே எடுத்து வைக்க முடியாது.

அப்புறம் காசநோய். நம் நாட்டில் குடல் டிபி இன்னும் இருக்கிறது, அது பார்ப்பதற்கு க்ரோன்ஸ் மாதிரியே இருக்கும், பயாப்சியிலும் சில நேரம் பிரித்துச் சொல்ல முடியாது. டிபி என்று தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் டிபி பரவும். அமீபா சீதபேதியும் இதே ரத்தம், இதே சளியோடுதான் வரும், அதற்கு மருந்தே வேறு. ஐபிஎஸ் என்பது இன்னொன்று, அதில் குடலில் புண் இருக்காது, ரத்தமும் போகாது. சித்தத்தில் குருதிக்கழிச்சல், சீதக்கழிச்சல், கிராணி என்று பிரித்துச் சொல்வார்கள். அந்தப் பெயர்களுக்குள் மேலே சொன்ன பல நோய்கள் அடங்கிவிடும். ஆகவே நாடி பார்த்துச் சொன்ன பெயரோடு நிற்காமல் கொலனோஸ்கோபி, பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: இப்போது எந்த நிலை?

இந்த நோய் ஏறும், இறங்கும். ஏறியிருக்கும்போது ஒரு கணக்கு, அடங்கியிருக்கும்போது வேறு கணக்கு. டாக்டர்கள் பயன்படுத்தும் பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது, வீட்டிலேயே பாதியைப் பார்க்கலாம்: ஒரு நாளைக்கு 6 முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு மலம், அதோடு கூட காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல், நாடித்துடிப்பு 90-க்கு மேல், ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழ், இவற்றில் ஏதாவது ஒன்று. அப்படி இருந்தால் அது கடுமையான நிலை, அட்மிட் ஆக வேண்டிய நிலை. அந்த நேரத்தில் மூலிகைப் பேச்சே வேண்டாம்.

மூலிகைக்கு இடம் இருப்பது லேசான, நடுத்தர நிலையிலும், நோய் அடங்கியிருக்கும் காலத்திலும்தான். அடங்கியிருக்கிறதா என்று உடம்பை மட்டும் கேட்டால் போதாது. மலத்தில் கால்புரோடெக்டின் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. பொதுவாக 50-க்குக் கீழ் என்றால் அமைதி, 250-க்கு மேல் என்றால் உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது. ரத்தம் நின்றுவிட்டது, பசி எடுக்கிறது என்று சந்தோஷமாக இருப்பவர்களுக்குக் கூட இது சில நேரம் ஏறியே இருக்கும். மூலிகை ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தடவை இதையும், சிஆர்பி (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பரிசோதனை), ஹீமோகுளோபின், கல்லீரல் பரிசோதனை ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.

படி 3: மாத்திரையில் கை வைக்காதீர்கள்

“ரெண்டு மருந்தும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது, இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு வாங்க” என்று சொல்லும் வைத்தியரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைச் சில வாரங்கள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு சுரக்காமல் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிப் போகலாம். அதைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். மெசலமைனை நிறுத்தினால் அன்றைக்கே ஒன்றும் நடக்காது, அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். சில வாரமோ சில மாதமோ கழித்து நோய் திரும்பி வரும், அதற்குள் ‘மூலிகைதான் காப்பாற்றியது’ என்று நாலு பேரிடம் சொல்லியும் இருப்பார்கள். மெசலமைன் வகையைச் சேர்ந்த சல்ஃபாசலசின் எடுப்பவர்களுக்கு ஃபோலிக் அமிலம் குறையும், அந்த மாத்திரையையும் சேர்த்துப் போட வேண்டும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதயோப்ரின் எடுப்பவர்கள் வெள்ளையணுவும் கல்லீரலும் தவறாமல் பார்க்க வேண்டியவர்கள். கூடவே கல்லீரலைச் சீண்டும் மூலிகை ஒன்றையும் குடித்தால், எதனால் கோளாறு என்று டாக்டரால் கண்டுபிடிக்க முடியாமல் நல்ல மருந்தை நிறுத்த வேண்டி வரும்.

என்ன குடிக்கிறீர்கள் என்பதை ஓபியில் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைக்கிறவர்கள்தான் அதிகம். சிலர் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள், பரவாயில்லை, சார்ட்டில் எழுதி வைத்துவிட்டால் போதும்.

படி 4: எந்த மூலிகை, எவ்வளவு, யாருக்கு

மஞ்சளிலிருந்து ஆரம்பிப்போம், இதற்குத்தான் சான்று ஓரளவு அதிகம். மஞ்சளில் உள்ள குர்குமினைத் தனியாகப் பிரித்து மாத்திரையாக்கி ஆய்வு செய்திருக்கிறார்கள். ஜப்பானில் 2006-ல் வெளியான ஆய்வில், நோய் அடங்கியிருந்த 89 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான மருந்தோடு தினமும் 2 கிராம் குர்குமின் 6 மாதம் கொடுத்தார்கள். குர்குமின் எடுத்தவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 20 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. 2015-ல் இன்னொன்று, மெசலமைனுக்கு அடங்காத 50 பேருக்கு அதோடு தினமும் 3 கிராம் சேர்த்துப் பார்த்தார்கள், 4 வாரத்தில் குர்குமின் பக்கம் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் அடங்கியது, மறு பக்கம் ஒருவருக்கும் இல்லை. ஆனால் தில்லி எய்ம்ஸ் 2017-ல் வெளியிட்டதில் தினம் 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்தபோது பயன் தெரியவில்லை. ஆக அளவு முக்கியம். க்ரோன்ஸ் ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு நோய் திரும்பாமல் இருக்க குர்குமின் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வும் பலன் தரவில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். 3 கிராம் குர்குமின் வேண்டுமென்றால் தினமும் 100 கிராம் மஞ்சள் தூள் தின்ன வேண்டும், யாராலும் முடியாது, முடிந்தாலும் கூடாது. ராத்திரி மஞ்சள் பால் குடிப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை (நோய் ஏறியிருக்கும்போது பாலே சிலருக்கு வயிற்றை உப்பவைக்கும், அவர்கள் விட்டுவிடலாம்), ஆனால் அதை சிகிச்சை என்று நினைக்காதீர்கள். மாத்திரையாக எடுப்பதென்றால் டாக்டரிடம் கேட்டு எடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள் எடுக்க வேண்டாம். மிளகுச் சத்தான பைபரின் சேர்த்த குர்குமின் உடம்பில் அதிகம் ஏறும். அதே காரணத்தால் மற்ற மாத்திரைகளின் அளவையும் அது மாற்றிவிடலாம், கல்லீரல் பாதிப்பும் சிலருக்கு வந்திருக்கிறது. பைபரின் இல்லாததையே பாருங்கள்.

இசப்கோல். மலச்சிக்கலுக்கு என்றுதான் நமக்குத் தெரியும், ஆனால் தண்ணீராகப் போகிற மலத்தையும் அது கெட்டியாக்கும். பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் இந்த நாரைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற பொருளைத் தருகின்றன, பெருங்குடல் உள்பூச்சு செல்களுக்கு அதுதான் முக்கிய உணவு. ஸ்பெயினில் 1999-ல் 105 பேரிடம், நோய் அடங்கிய நிலையில், இந்தச் செடியின் விதையை வேளைக்கு 10 கிராமாக இரண்டு வேளை கொடுத்து மெசலமைனோடு ஒப்பிட்டார்கள்: ஒரு வருடத்தில் விதை எடுத்தவர்களில் 40 சதவீதம், மெசலமைன் எடுத்தவர்களில் 35, இரண்டும் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. எனக்கு இதில் பிடித்தது அந்த மூன்றாவது எண். கடையில் கிடைப்பது உமி. ஒரு ஸ்பூனில் ஆரம்பித்து, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில் கலக்கி, அது கொழகொழவென்று ஊறிக் கெட்டியாவதற்கு முன்பே குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். க்ரோன்ஸில் குடல் சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னவர்கள் இதைத் தொடவே கூடாது, அடைத்துக்கொள்ளும்.

அடுத்து நம் ஊர்க் கைவைத்தியத்தின் முக்கால்வாசி: மாதுளை ஓடு, வில்வக்காய் வற்றல், கடுக்காய், கொய்யா இலை, ஆவாரம்பட்டை. எல்லாமே துவர்ப்பு. துவர்ப்பு என்ன செய்யும் என்று ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டார்கள். அதில் உள்ள டானின் புரதத்தைப் பிடித்து இறுக்கும், அதே வேலையைக் குடல் உள்பூச்சின் மேலும் கொஞ்சம் செய்து நீர் கசிவதைக் குறைக்கும். சாதாரண வயிற்றுப்போக்கில் அதனால்தான் கேட்கிறது. ஆனால் கொலைட்டிஸில் உள்ளே இருக்கும் அழற்சி அதனால் அடங்குவதில்லை. மலம் நின்றுவிடும், எண்ணிக்கை குறைந்துவிடும், ஆள் ‘சரியாகிவிட்டது’ என்று நினைப்பார், கால்புரோடெக்டின் மட்டும் அப்படியே இருக்கும். இன்னும் மோசம், கடுமையான நிலையில் போக்கை வலுக்கட்டாயமாக நிறுத்த முயன்றால் பெருங்குடல் ஊதி உயிருக்கே ஆபத்தாகலாம். பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை அந்த நிலையில் டாக்டர்கள் தடுப்பதும் இதனால்தான். லேசான நிலையில், கஞ்சியோடு வில்வப்பிஞ்சு வற்றல் கொஞ்சம் எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பழுத்த வில்வம் நேர்மாறாக இளக்கிவிடும், பிஞ்சுக்கும் பழத்துக்கும் குழப்பிக்கொள்ளாதீர்கள். துவர்ப்புப் பொடிகள் இரும்புச் சத்தையும் உறிஞ்சவிடாது. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம்.

சோற்றுக்கற்றாழை பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. லண்டனில் 2004-ல் ஒரு சின்ன ஆய்வு: தினம் இரண்டு வேளை 100 மில்லி ஜெல் 4 வாரம் குடித்த 30 பேரில் 9 பேருக்கு நோய் அடங்கியது, வெறும் நீர்மம் குடித்த 14 பேரில் ஒருவருக்கு. நம்பிக்கை தருகிற எண்தான், ஆனால் ஆட்கள் குறைவு. இதில் விஷயமே சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. மடலை அடியில் வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் சாய்த்து நிறுத்துங்கள். மஞ்சளாக, கசப்பாக, ஒரு மாதிரி நாற்றத்தோடு ஒரு பால் சொட்டும். அதில் அலோயின் இருக்கிறது, அது கடுமையான பேதி மருந்து, கொலைட்டிஸ் உள்ளவருக்கு நேர் விரோதி. சொட்டுவது நன்றாக நின்றபிறகு முள்ளோரத்தைச் சீவி, பச்சைத் தோலைத் தடிமனாகவே உரித்து (கஞ்சத்தனம் பார்த்தால் மஞ்சள் ஒட்டிக்கொண்டு வரும்), கண்ணாடி மாதிரி இருக்கும் சோற்றை மட்டும் எடுத்து, ஏழு தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஏழு தண்ணீரைக் குறைக்காதீர்கள். நாக்கில் வைத்தால் கசப்பு துளியும் இருக்கக் கூடாது. இவ்வளவு பொறுமை இல்லாதவர்கள், கர்ப்பிணிகள், நோய் ஏறியிருப்பவர்கள் கற்றாழையை விட்டுவிடலாம்.

நிலவேம்பு டெங்கு காலத்தில் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. இதன் சாறை 224 பேரிடம் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள்: தினம் 1800 மில்லிகிராம் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு நோய் குறைந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு. அடுத்து நடந்த பெரிய ஆய்வைப் பலன் தெரியாததால் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். தோலில் தடிப்பு வருவதும் உண்டு. அதுவும் நாம் குடிக்கும் நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்கு சேர்ந்தது, ஆய்வில் கொடுத்தது தனிச் சாறு. ஆகவே இதற்காக தினமும் குடிநீர் காய்ச்சிக் குடிக்கச் சொல்ல மாட்டேன்.

சல்லகி என்ற சாம்பிராணி வகை மரத்துப் பிசினை 1997-ல் இந்தியாவில் வேளைக்கு 350 மில்லிகிராமாக மூன்று வேளை, 6 வாரம் கொடுத்தார்கள். 82 சதவீதம் பேருக்கு அடங்கியதாகவும் சல்ஃபாசலசினில் 75 சதவீதம் என்றும் எழுதினார்கள். சின்ன ஆய்வு. க்ரோன்ஸில் பிறகு ஜெர்மனியில் பார்த்தபோது வெற்று மாத்திரையை விட மேலாக இல்லை. பூஜைக்கு வாங்கும் சாம்பிராணியைப் பொடித்துத் தின்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அது எந்த மரத்துப் பிசின், என்ன கலந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது.

கோதுமைப் புல் சாறு: இஸ்ரேலில் 2002-ல் 23 பேரிடம், தினம் 100 மில்லி. கொஞ்சம் பயன் தெரிந்தது. வீட்டில் தொட்டியில் வளர்ப்பதென்றால் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்குப் பச்சைச் சாறு எதுவுமே அவ்வளவு நல்லதில்லை.

மணத்தக்காளி, சீரகம், ஓமம், சுக்கு, கறிவேப்பிலை எல்லாம் சமையலில் சேர்கிற அளவில் சேரட்டும். மணத்தக்காளி வாய்ப்புண்ணுக்கு இதமாக இருக்கும், க்ரோன்ஸில் வாய்ப்புண் வருகிறவர்களுக்குச் சாப்பிட முடிவதே பெரிய விஷயம்.

படி 5: இவை வேண்டாம்

நிலாவாகை (சென்னா எனும் பேதி இலை), அது சேர்ந்த எந்த ‘குடல் சுத்தி’ப் பொடியும். திரிபலாவும் ராத்திரிக் கடுக்காயும் துவர்ப்பாக இருந்தாலும் இளக்குகிறவை, நோய் ஏறியிருக்கும்போது ஆகாது. வருடத்துக்கு இரண்டு முறை பேதிக்குக் குடிக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், இந்த நோய் உள்ளவரை அதிலிருந்து விலக்கிவிடுங்கள்.

சீந்தில். கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் தொடர்ந்து குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்றுதான் குடிக்கிறோம். இந்த நோயோ எதிர்ப்பு சக்தி சொந்தக் குடலையே தாக்குவதால் வருவது. அமுக்கராவிலும் (அஸ்வகந்தா) கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது.

அவுரி. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சீனாவில் நீலச்சாயச் செடிகளிலிருந்து எடுக்கும் ஒரு பொடி கொலைட்டிஸை உண்மையிலேயே நன்றாக அடக்குகிறது, ஜப்பானில் முறையான ஆய்வு நடந்திருக்கிறது. அதே ஜப்பானில், அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியதால் 2016-ல் அரசே எச்சரிக்கை விட்டது. இதை எங்கேயோ பார்த்துவிட்டு, நீலச்சாயம்தானே என்று நம் கடையில் தலைச்சாயத்துக்கு விற்கும் அவுரிப் பொடியை வாங்கித் தின்னக் கிளம்பாதீர்கள்.

உலோகம், தாதுக்களைப் புடம்போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் வகைகளைத் தெரியாத கையிலிருந்து வாங்காதீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் எழுதியதில், 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. அழற்சி பிடித்த குடலோடு இருப்பவருக்கு அந்தச் சுமையும் வேண்டாம். அதோடு, பெயரில்லாத ஒரு பொடி இரண்டே நாளில் ரத்தத்தை நிறுத்தி, பசியைக் கிளப்பி, முகத்தை உப்ப வைத்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அதையும் திடீரென்று நிறுத்தாமல் டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

மூலிகை இல்லைதான், ஆனால் சொல்லியே ஆக வேண்டும்: மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் நோயைக் கிளப்பிவிடும். காய்ச்சல், வலிக்கு பாராசிட்டமால் போதும்.

படி 6: எங்கே வாங்குவது, யாரைப் பார்ப்பது

லாங்கு பஜார் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் நின்று பாருங்கள். கேட்ட பொடியை டப்பாவிலிருந்து அள்ளி, செய்தித்தாளில் மடித்து, நூல் சுற்றிக் கொடுப்பார்கள். பொட்டலத்தின் மேல் பெயர் கிடையாது, தேதி கிடையாது. வீட்டுக்கு வந்து நாலு பொட்டலத்தைப் பிரித்தால் எது வில்வம், எது குடசப்பாலை என்றே தெரியாது. முழுச் சரக்காக வாங்குங்கள், ஓடாக, வற்றலாக, பட்டையாக. கண்ணால் பார்த்து, கழுவி, காயவைத்து வீட்டில் இடித்துக்கொள்ளலாம். வாங்கிய அன்றே பெயரும் தேதியும் எழுதி ஒட்டிவிடுங்கள். தயாரித்து விற்கும் மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும். மஞ்சளும் கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது, பளபளவென்று தெரிய தூளில் ஈயச் சாயம் கலப்பதுண்டு.

சித்த மருத்துவரிடம் போவதென்றால் பிஎஸ்எம்எஸ் (சித்த மருத்துவப் பட்டம்) படித்து, பதிவு எண் உள்ளவராகப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது, அங்கே செலவும் இல்லை. இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டுமென்றால் சென்னையில் அரும்பாக்கம் அண்ணா மருத்துவமனையும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. காட்பாடியில் ரயில் ஏறினால் காலையில் போய் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். கொலனோஸ்கோபி ரிப்போர்ட்டை நீட்டும்போது அதை வாங்கிப் படிக்கிறாரா என்று கவனியுங்கள். படிக்காமலேயே மருந்து எழுதுகிறவர் உங்களுக்கு வேண்டாம்.

படி 7: ஆரம்பிக்கும் முறை

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மூலிகை. மஞ்சள், கற்றாழை, கோதுமைப் புல் மூன்றையும் திங்கட்கிழமை ஒன்றாக ஆரம்பித்து வியாழக்கிழமை வயிறு வலித்தால் யாரைக் குற்றம் சொல்வது? குறைந்த அளவில் தொடங்கி, நாலு வாரம் அதை மட்டும் எடுங்கள். ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள்: எத்தனை முறை போனது, ரத்தம் இருந்ததா, ராத்திரி எழுந்தீர்களா, வலி, வாரம் ஒரு முறை எடை. நாலு வாரம் கழித்து ஆரம்பத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனைகளை மறுபடி எடுங்கள், கால்புரோடெக்டினை இரண்டு மூன்று மாதத்தில் பாருங்கள். எண் இறங்கவில்லை என்றால், எவ்வளவு ஆசையாக ஆரம்பித்திருந்தாலும் நிறுத்திவிடுங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்ந்து போனாலோ, அரிப்போ தடிப்போ வந்தாலோ அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைகள், ஆபரேஷன் தேதி குறித்தவர்கள் இந்தப் பரீட்சைக்கே வர வேண்டாம். கர்ப்ப காலத்தில் மெசலமைன் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம்

மூலிகையைத் தேடி அலைகிற நேரத்தில் பாதியைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். வேலூர் சிஎம்சியிலிருந்து 2000-ல் வந்த ஓர் ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது: காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்தபோது பேதி சீக்கிரம் நின்றது. அந்த மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, இசப்கோல் பற்றிச் சொன்ன அதே மாதிரிக் கொழுப்பு அமிலங்களாக மாறுகிறது. அது காலராவில் நடந்தது, நம் நோயில் இல்லை. ஆனால் வடித்த சோறு ஆறும்போது அந்த வகை மாவுச்சத்து கூடுகிறது, பழைய சோற்றில் அது இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் அழற்சி உள்ளவர்களிடம் பழைய சோற்றை வைத்தே ஆய்வு செய்திருக்கிறார்கள். நோய் அடங்கிய நிலையில், சுத்தமான தண்ணீர் ஊற்றி, சுத்தமான பாத்திரத்தில் ஒரே ராத்திரி ஊறவைத்த பழைய சோறும் நீர்மோரும் ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடுங்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் இரண்டாம் நாள் சோறு வேண்டாம்.

ஏறியிருக்கும்போது குழைந்த சோறு, இட்லி, வெந்த முட்டை, தோல் விதை நீக்கிய காய், வாழைப்பழம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் எவ்வளவு ருசியாக இருந்தாலும் விதையோடு அந்த நேரத்தில் வேண்டாம். அடங்கியபிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம், ஆம்பூர் பிரியாணியை வாழ்நாள் முழுக்க விட வேண்டியதில்லை. பயந்து பயந்து எல்லாவற்றையும் ஒதுக்கி, எலும்பும் தோலுமாகப் போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை.

நம் ஊர் வெயிலில் நீர்ச்சத்து சீக்கிரம் வற்றும். ஓஆர்எஸ் பாக்கெட் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து போடுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது

வயிறு ஊதிக் கல் மாதிரி இறுகுவது, வாயுவும் மலமும் போகாமல் வாந்தி வருவது, ஒரு நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தப்போக்கோடு காய்ச்சல், எழுந்து நின்றால் கண் இருட்டுவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது (இந்த நோயில் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து அதிகம்), கண் சிவந்து வலிப்பது. இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கேஷுவாலிட்டிக்குப் போங்கள், சிஎம்சியோ அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ எது பக்கமோ அதற்கு. பழைய சார்ட், மாத்திரை அட்டை, நோட்டு, அதோடு குடித்துக்கொண்டிருந்த பொடி, லேகியம், கஷாயச் சரக்கு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், பாதி காலியான பொட்டலமாக இருந்தாலும்.